சிவில், கிரிமினல் வழக்குகள்: கட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் தாலுகா, மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறவர்களும், வழக்கில் மாட்டிக்கொண்டவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நல்ல வழக்குகள் பல, நாள் தவறியதால் அல்லது தப்பான கோரிக்கையோடு போட்டதால் வீணாகின்றன. அதனால் பதில்களில் நாள்கணக்குக்கும் ஆவணங்களுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (பி.எஸ்.ஏ.) வந்துவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகள்தான் பொருந்தும்.

முதல் தடவை வக்கீலைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

நிலப் பிரச்சினை என்றால் தாய்ப்பத்திரம் தொடங்கி உங்கள் பத்திரம் வரை உள்ள எல்லாப் பத்திரங்களும், குறைந்தது 30 வருடத்துக்கான வில்லங்கச் சான்றும், பட்டா, அ-பதிவேடு, புலப்படம், தீர்வை ரசீது, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவையும் வேண்டும். சொத்து தாத்தா பெயரில் இருந்தால் இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, ஒரு தாளில் வரைந்த வம்சாவளி.

அடிதடி, மோசடி போன்ற விஷயம் என்றால் சி.எஸ்.ஆர். (புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது) அல்லது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகல், அரசு மருத்துவமனையில் பதிவான ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), பணம் போன வங்கிக் கணக்கு விவரம். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் பிரிண்ட் மட்டும் போதாது, அந்த போனையே கொண்டுவாருங்கள்.

எல்லாவற்றையும் விட உதவுவது, நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய ஒரே ஒரு பக்கம். உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் அதில் எழுதுங்கள். நீங்கள் முன்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எழுத்து, வாங்கிய முன்பணம், ஏற்கெனவே போட்டுத் தோற்ற வழக்கு என எதுவாக இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைக் குறுக்கு விசாரணையில் எடுக்கும். அன்றைக்குத்தான் உங்கள் வக்கீலுக்கே அது தெரியவந்தால் சமாளிக்க வழி இருக்காது. கட்சிக்காரர் வக்கீலிடம் ஆலோசனைக்காகச் சொல்வதை வெளியே சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை.

கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை. 'சீட்டிங் கேஸ்' போட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டும் மோசடி ஆகாது. பி.என்.எஸ். 318-ன்படி மோசடி என்றால், பணம் வாங்கும் அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இல்லாத வேலையைக் காட்டி வாங்கியது, ஏற்கெனவே விற்ற மனையைத் தனது என்று காட்டி முன்பணம் பெற்றது போன்றவை அப்படிப்பட்டவை. தொழில் நொடித்துப்போய்க் கடன் நிற்கிறது என்றால் அது சிவில் விவகாரம்.

இதில் மக்கள் செய்யும் பெரிய தவறு, ஸ்டேஷனில் 'பேசி முடிக்கலாம்' என்று ஒன்றிரண்டு வருடத்தைக் கழிப்பது. ஸ்டேஷனில் புகார் கிடந்த காலத்துக்காக சிவில் வழக்கின் காலவரம்பு நீளாது. புகார் கொடுங்கள், தவறில்லை. ஆனால் சிவில் வழக்குப் போட உள்ள 3 வருடக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். எப்படிப் போட வைப்பது?

சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-ல் சொல்லிவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 173(3) ஒரு விலக்கு தருகிறது: 3 வருடம் முதல் 7 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். குற்றம் வேறு எல்லையில் நடந்தது என்பதும் மறுக்கக் காரணம் ஆகாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்.

மறுத்தால் வழி இதுதான். முதலில் புகாரை எழுத்தில், பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (மாநகரம் என்றால் ஆணையருக்கு) அனுப்புங்கள். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அதிலும் நடவடிக்கை இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) 175(3)-ன் கீழ் மனு. இந்த மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம். எஸ்.பி.க்கு அனுப்பிய படியைத் தாண்டிக் குதித்து நேரே நடுவரிடம் போன மனுக்கள் அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடியாகின்றன.

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-வது பிரிவு. வழக்கை முடித்துவிட்டதாக ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால், சும்மா இருந்தால் கோப்பு மூடப்படும். நடுவர் முன் ஆட்சேபனை மனு போடலாம்.

விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வா என்கிறார்கள். போக வேண்டுமா?

எழுத்து மூலமான அழைப்பாணையைக் கேளுங்கள். சாட்சியாகக் கூப்பிட்டால் பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிட்டால் 35(3). பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60-க்கு மேலும் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொன்னது. முறையாக நோட்டீஸ் வந்துவிட்டால் கட்டாயம் போங்கள், போன தேதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு வருகிறவரை, எழுத்தில் காரணம் பதியாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

வீட்டில் ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள். உடனே என்ன செய்வது?

எந்த ஸ்டேஷன், எந்தக் குற்ற எண், என்ன பிரிவுகள் என்ற மூன்றையும் முதலில் கேட்டு வாங்குங்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விடுமுறை நாளானாலும் நடுவரின் வீட்டில் ஆஜர்படுத்துவார்கள். சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகும் உதயத்துக்கு முன்பும் பெண்களைக் கைது செய்ய, நடுவரின் முன் அனுமதியும் பெண் காவல் அதிகாரியும் வேண்டும்.

ரிமாண்டின்போது (காவலில் வைக்க உத்தரவு கேட்டு ஆஜர்படுத்தும்போது) நடுவர், "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார். காயம் இருந்தால் அந்த இடத்திலேயே காட்டிச் சொல்ல வேண்டும். அப்போது "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பிறகு புகார் செய்தால் நம்ப வைப்பது மிகவும் கடினம். நடுவர் முன் நிற்கும்போதே வக்கீல் பக்கத்தில் இருந்தால் நல்லது. சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாதவருக்கு சட்ட உதவி வக்கீல் கேட்கும் உரிமை அந்த நிமிடத்திலிருந்தே உண்டு.

ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. ஏன் இன்னும் வெளியே விடவில்லை?

உத்தரவுக்கும் விடுதலைக்கும் நடுவே சூரிட்டி (ஜாமீன்தாரர் பிணை கொடுப்பது) என்ற ஒரு படி இருக்கிறது. அநேகமாக எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். உதாரணமாக, 'ரூ.10,000-க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும்' என்று உத்தரவு வருகிறது. அந்த இரண்டு பேரும் சம்பந்தப்பட்ட நடுவர் நீதிமன்றத்துக்கு நேரில் வர வேண்டும். பிணைப்பத்திரத்தில் அவர்கள் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகல் தர வேண்டும். வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று கேட்கும் நீதிமன்றங்களும் உண்டு. ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே இருந்தால் நண்பரைக் கூட்டிவந்து பயனில்லை.

வழக்கமாகத் தவறுவது இவை: வரி ரசீதில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு எழுத்தில் இன்னொரு பெயரும் இருப்பது, ரசீது போன வருடத்தது, அதே நபர் வேறொரு வழக்கிலும் ஜாமீன் நின்றிருப்பது. உத்தரவு வருவதற்கு முந்தைய நாளே இரண்டு பேரையும் காகிதங்களோடு தயாராக வைத்துக்கொண்டால், பிணை ஏற்கப்பட்டு விடுதலை ஆணை அன்று மாலைக்குள் சிறைக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. மாலையில் பூட்டுநேரம் கடந்துவிட்டால் மறுநாள்தான்.

சூரிட்டி கிடைக்காத ஏழைகளுக்காக உச்ச நீதிமன்றம் 2023-ல் ஒரு நெறிமுறை தந்தது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றித் தானாகவே பரிசீலிக்கலாம்.

வெளியே வந்த பிறகு 'தினமும் காலை 10.30-க்குக் கையெழுத்து' என்பது போன்ற நிபந்தனையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். உடல்நிலை சரியில்லை என்றால் மருத்துவச் சான்றை உடனே வக்கீலிடம் கொடுங்கள். சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டபின் நிபந்தனையைத் தளர்த்த மனு போடலாம்.

முன்ஜாமீன் எங்கே கேட்பது?

பி.என்.எஸ்.எஸ். 482-ன் கீழ் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்கலாம். நடுவருக்கு அந்த அதிகாரம் இல்லை. முன்ஜாமீன் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். குறிப்பிட்ட நாளுக்குள், பெரும்பாலும் 15 நாளுக்குள், நடுவர் முன் ஆஜராகிப் பிணை கொடுக்காவிட்டால் அந்த உத்தரவு பயனற்றுப்போகும்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமை உண்டா?

உண்டு. மரண தண்டனை, ஆயுள், 10 வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். 60 நாள் வழக்கில் 61-ம் நாள் நீதிமன்றம் திறந்ததும் மனு கையில் இருக்க வேண்டும். நீங்கள் மனு போடும் முன் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். அரை நாள் தாமதத்தில் இதை இழந்தவர்கள் உண்டு.

பொய் வழக்கு. எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய முடியுமா?

உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-வது பிரிவின் கீழ் மனு போடலாம். மதுரை, திருச்சி, தஞ்சை, நெல்லை, குமரி உள்ளிட்ட தென் மாவட்டங்களுக்கு 2004 ஜூலை முதல் இயங்கும் மதுரைக் கிளை, மற்றவற்றுக்குச் சென்னை. புகாரை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகாது என்றால் ரத்தாகும். "நான் அங்கே இல்லவே இல்லை" என்பது சாட்சியம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதை விசாரணை நீதிமன்றத்தில்தான் காட்ட முடியும். இரு தரப்பும் சமாதானமான தனிப்பட்ட தகராறுகளை ரத்து செய்வார்கள். கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றைச் சமாதானம் காட்டி ரத்து செய்ய மாட்டார்கள்.

குற்றப்பத்திரிகைக்குப் பின் விடுவிப்பு மனு (விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோருவது) போட இப்போது 60 நாள் வரம்பு உள்ளது. பழைய சட்டத்தில் இந்த வரம்பு இல்லாததால் இன்னும் பலர் கவனிப்பதில்லை.

செக் பவுன்ஸ் வழக்கில் நாள்களை எப்படி எண்ணுவது?

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். செக்கில் ஜனவரி 5 என்று தேதி. 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். ஜனவரி 12-ல் 'பணம் போதவில்லை' என்ற ரிட்டர்ன் மெமோ உங்கள் கைக்கு வருகிறது. அதிலிருந்து 30 நாள், அதாவது பிப்ரவரி 11-க்குள், வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும். பிப்ரவரி 2-ல் அனுப்பிய நோட்டீஸை அவர் 6-ம் தேதி வாங்குகிறார் என்றால், பணம் கட்ட அவருக்கு 15 நாள். 21-ம் தேதி முடிகிறது. 22-ல் வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை) பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், மார்ச் 22-க்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். 15 நாள் முடியும் முன்பே அவசரப்பட்டுப் போட்ட புகார் செல்லாது. ஒரு மாதம் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் தகுந்த காரணமும் வேண்டும். நோட்டீஸ் அனுப்பும் 30 நாளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

எந்த நீதிமன்றம் என்பதையும் 2015 திருத்தம் தெளிவாக்கிவிட்டது: நீங்கள் கணக்கு வைத்திருந்து செக்கைப் போட்ட கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ, அங்கே.

வழக்கு கெட்டுப்போகும் இடங்கள் சில. நோட்டீஸில் செக்கில் உள்ள தொகையை அப்படியே கேட்க வேண்டும். தொகை மாறியது தட்டச்சுப் பிழை என்ற விளக்கத்தையும் 2025-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. செக் வாங்கியபின் ஒரு பகுதிப் பணம் வந்திருந்தால், அதைச் செக்கிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால் வழக்கு நிற்காது. கம்பெனி செக் என்றால் கையெழுத்துப் போட்டவரை மட்டும் சேர்ப்பது போதாது, கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் சொல்ல வேண்டியது: "வெற்றுச் செக்கில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது" என்பது தனியாக ஒரு வாதமே அல்ல. கையெழுத்தை ஒப்புக்கொண்டால் கடன் இருப்பதாகச் சட்டம் அனுமானிக்கும். அதை உடைப்பது உங்கள் பொறுப்பு. நோட்டீஸ் வந்ததும் 15 நாளுக்குள் உங்கள் உண்மையான தற்காப்பைப் பதிலில் எழுதுங்கள். பதிலே போடாமல் விட்டுவிட்டு விசாரணையில் புதுக்கதை சொன்னால் எடுபடாது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20% வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

புரோநோட்டு 3 வருடம் தாண்டப் போகிறது. என்ன செய்வது?

முடிவதற்குள் வழக்குப் போடுங்கள், அல்லது கடனாளியிடம் ஒரு தொகை வாங்கிப் புரோநோட்டின் பின்பக்கம் அவர் கையாலேயே வரவு எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். கெடு முடிந்த மறுநாள் வாங்கும் வரவுக்கு இந்தப் பலன் இல்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை, பிறகு அபராதம் கட்டியும் சாட்சியமாக்க முடியாது என்பதை எழுதி வாங்கும் நாளிலேயே நினைவில் வையுங்கள்.

மற்றக் காலவரம்புகளில் அடிக்கடி தேவைப்படுபவை: கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோருவதற்கும் பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கும் 3 வருடம், உரிமையின் அடிப்படையில் சொத்தின் அனுபவத்தை (கைவசத்தை) மீட்க 12 வருடம், ஒத்தி, அடமானம் மீட்க 30 வருடம். வழக்குப் போடுவதில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மனுக்களுக்கும் மேல்முறையீட்டுக்கும்தான் அந்தச் சலுகை.

பட்டா என் பெயரில் இருக்கிறது. சொத்து என்னுடையதுதானே?

பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டும் உரிமையைத் தராது. பத்திரமும் அனுபவமும்தான் அடிப்படை. 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவின்போது (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது) பெயரும் பரப்பும் மாறிப் பதிவான நிலங்கள் ஏராளம். அதை வைத்து ஒருவர் "பட்டா என்னிடம்" என்று சொன்னால், அதற்கு முந்தைய அ-பதிவேட்டையும் பத்திரங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே வழக்கின் கோரிக்கையைச் சரியாக வைப்பது முக்கியம். நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது, எதிரி வெறுமனே தொந்தரவு செய்கிறார் என்றால் நிரந்தர உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன், அதாவது தடை உத்தரவு) போதும். அவர் பத்திரம் காட்டி உரிமையையே மறுக்கிறார் என்றால் உரிமை விளம்புகையும் (உரிமை உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) சேர்த்துக் கேட்க வேண்டும். அனுபவமே அவரிடம் போய்விட்டது என்றால் விளம்புகையோடு சுவாதீனமும் (அனுபவத்தைத் திரும்ப ஒப்படைப்பது) கேட்க வேண்டும். கோர்ட் ஃபீஸ் குறைவு என்பதற்காக வெறும் இன்ஜங்ஷன் வழக்குப் போட்டு, பத்து வருடம் கழித்து "உரிமையைக் கேட்கவில்லையே" என்ற ஒரே காரணத்தால் தோற்கும் வழக்குகள் எங்களுக்கு மிகுந்த வேதனை தருபவை. உச்ச நீதிமன்றம் 2008-ல் அனத்துலா சுதாகர் வழக்கில் இதைப் படிப்படியாக விளக்கியிருக்கிறது.

பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 6 மாதத்துக்குள் தனிநிவாரணச் சட்டம் 6-ன் கீழ் வழக்குப் போட்டால், உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அரசுக்கு எதிராக இது பொருந்தாது.

கோர்ட் ஃபீஸ் எவ்வளவு?

பண வழக்குகளுக்கு 2017 திருத்தத்துக்குப் பின் 3%. 5 லட்சம் கேட்டால் ரூ.15,000. விளம்புகையும் சுவாதீனமும் கேட்டால் சந்தை மதிப்புக்கு. விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் கேட்டால் சந்தை மதிப்பில் பாதிக்கு. 20 லட்சம் மதிப்புள்ள மனைக்கு முதல் வகையில் ரூ.60,000, இரண்டாவதில் ரூ.30,000. பாகப்பிரிவினையில் நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருந்தால் நிலையான கட்டணம். வெளியேற்றப்பட்டிருந்தால் உங்கள் பங்கின் மதிப்புக்குக் கட்ட வேண்டும்.

இடைக்காலத் தடை வாங்கினால் போதுமா?

முதல் நாளே எதிரியைக் கேட்காமல் தடை கிடைத்தால், மனு, வழக்குரை, ஆவண நகல்கள் அனைத்தையும் அன்றோ மறுநாளோ பதிவுத் தபாலில் எதிரிக்கு அனுப்பி, அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதால் கிடைத்த தடையை இழந்தவர்கள் உண்டு. தடையை மீறினால் அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். சொத்து ஜப்தியும் 3 மாதம் வரை சிவில் சிறையும் விதிக்கலாம். எல்லைத் தகராறு என்றால் சர்வேயரோடு வக்கீல் கமிஷனரை (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) அனுப்பக் கேளுங்கள். யார் அனுபவத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி கமிஷனரைக் கேட்க முடியாது.

எதிரி உங்களுக்குத் தெரியாமல் தடை வாங்கிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் முன்கூட்டியே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற மனு) போடலாம். அது 90 நாளுக்குத்தான். பிறகு புதிதாகப் போட வேண்டும்.

பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் திருமணமாகாத மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் எல்லா இந்து மகள்களுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொட முடியாது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தை அவர் விரும்பியவருக்கு எழுதலாம். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் "சும்மா ஒரு கையெழுத்து" என்று வாங்கினால் பங்கு போய்விடும், படிக்காமல் போடாதீர்கள்.

வழக்கில் எல்லாப் பங்குதாரரையும் எல்லாச் சொத்தையும் சேர்க்க வேண்டும். முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்ததும் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. அதில் பங்கின் அளவு மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கும். எந்த மூலை யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பாணையில்தான் வரும். அதற்குத் தனியாக மனு போட்டுக் கமிஷனரை வைத்து அளக்க வேண்டும்.

சம்மன் வந்திருக்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பலாமா?

வேண்டாம். மறுத்தாலும் சார்பு செய்ததாகவே (உங்களிடம் சேர்ந்ததாகவே) எடுத்துக்கொள்வார்கள். சம்மன் சார்பான நாளிலிருந்து எதிர்வழக்குரை போட 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நீங்கள் இல்லாமலே ஒருதலையாக வரும் தீர்ப்பு). அதை நீக்க 30 நாளுக்குள் மனு. தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லும்படி ஆகும். கிரிமினல் வழக்கில் வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும். அது தானாகக் காலாவதியாகாது. நேரில் ஆஜராகி ரீகால் மனு போட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தி, போன் ரெக்கார்டிங் செல்லுமா?

பி.எஸ்.ஏ. 63-ன் கீழ் சான்றிதழ் இணைத்தால் செல்லும். அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதிகள் கொண்டது: முதல் பகுதியை நீங்களும், இரண்டாவதை நிபுணரும் தர வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறிக்கப்பட வேண்டும். போனை மாற்றிவிட்டு ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் வைத்திருந்தால் கஷ்டம். போனை ரீசெட் செய்யாதீர்கள், உரையாடலில் எதையும் அழிக்காதீர்கள்.

டிகிரி (தீர்ப்பாணை) வாங்கிவிட்டேன். பணம் எப்போது வரும்?

தீர்ப்பாணை தானாகப் பணத்தைக் கொண்டுவராது. நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 வருடம் இருக்கிறது; ஒன்றைச் செய்யச் சொல்லும் கட்டளை உறுத்துக்கட்டளைக்கு 3 வருடம்தான். ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் எதிரி சொத்தைக் கைமாற்ற அவகாசம். வழக்கு நடக்கும்போதே விற்க முயல்கிறார் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்டிருக்க வேண்டும்.

அவர் பெயரில் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. சர்வே எண், வில்லங்கச் சான்று, வாகன எண், வேலை செய்யும் அலுவலகம் எனச் சரியான விவரம் இல்லாத மனுவில் அமீனா (உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியர்) போய்த் திரும்பி வருவார், அவ்வளவுதான். சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரும்படி எதிரியைக் கேட்கவும் வழி உண்டு. சம்பளத்தில் முதல் ரூ.1,000-மும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போகத்தான் ஜப்தி செய்யலாம். பி.எஃப்., ஓய்வூதியத்தைத் தொட முடியாது. வசதி இருந்தும் கட்டாதவரைச் சிவில் சிறைக்கு அனுப்பலாம். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.

மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்?

சிவிலில் மாவட்ட நிலை நீதிமன்றங்களுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். கிரிமினலில் செஷன்ஸுக்கு 30, உயர் நீதிமன்றத்துக்கு 60. சான்றிட்ட நகல் தயாராக ஆகும் நாள்கள் கழிக்கப்படும். அதனால் தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். ஜாமீனில் இருப்பவருக்கு 3 வருடம் வரை தண்டனை என்றால், மேல்முறையீடு செய்வதாகச் சொல்லி அதே நீதிமன்றத்திலேயே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம்.

லோக் அதாலத்தில் முடித்தால் நஷ்டமா?

தொகை நியாயமாக இருந்தால் லாபம்தான். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். வெளியே தாங்களாகச் சமாதானமாகி நீதிமன்றத்தில் சொன்னாலும் கட்டணம் திரும்பும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கிலேயே 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒன்றில் கவனம்: தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டால், ஒரு தவணை தவறினால் முழுத்தொகையும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்ற வரியை அவார்டில் (லோக் அதாலத் தரும் முடிவில்) எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டபின் சேர்க்க முடியாது.

வக்கீல் கட்டணம், வக்கீலை மாற்றுவது பற்றி?

'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கோர்ட் ஃபீஸ், பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் பணம்), தட்டச்சு, கமிஷனர் கட்டணம் தனி. வக்கீல் கட்டணம் தனி. எது எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்குங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்பதில் சங்கடம் வேண்டாம்.

வக்கீலை மாற்றும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. பழைய வக்கீலிடம் ஆட்சேபனையின்மை வாங்கிப் புதிய வக்காலத்து போட வேண்டும். அவர் தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்பது 2000-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வழக்கின் நிலையை நானே பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா, எதற்காகத் தள்ளிவைக்கப்பட்டது, என்ன உத்தரவு என்பதெல்லாம் தெரியும். வாய்தா விவரத்தில் 'பேட்டா கட்டவில்லை', 'வாதி தரப்புச் சாட்சி இல்லை' என்பது போன்ற குறிப்பைப் பார்த்தால் அன்றைக்கே வக்கீலுக்கு போன் செய்யுங்கள்.